எள்ளும் தண்ணீரும் வேண்டாம் என்றவருக்கு

என்னங்க,

எங்கே இருந்தாலும் இந்தக் குரலுக்குத் திரும்பிப் பார்ப்பீர்கள் என்ற நம்பிக்கையில்தான் எழுதுகிறேன். குடமுருட்டி ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது. குறுவை நட்டாயிற்று. நம் பிள்ளை கதிர் சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்திருக்கிறான். வீட்டில் எல்லாம் இருக்கிறது, நீங்கள்தான் இல்லை.

நாளை ஆடி அமாவாசை. நீங்கள் போனபிறகு வருகிற முதல் ஆடி அமாவாசை.

"நான் போயிட்டா கருமாதி, எள்ளுத்தண்ணி ஒண்ணும் வேணாம். ஆத்மாவுக்குச் சாவே இல்லன்னு படிச்சிட்டு, அதுக்குச் சோத்த உருட்டி வெப்பாங்களா?" என்று பெற்ற பிள்ளையிடம் சத்தியம் வாங்கினீர்களே. அவனும் அப்படியே செய்தான். சுடுகாட்டோடு எல்லாம் முடிந்தது. சொந்தக்காரர்கள் ஏசியதை எல்லாம் தலைகுனிந்து வாங்கிக்கொண்டான்.

சனிக்கிழமைதோறும் கோயில் மண்டபத்தில் உபநிடதம் சொன்னீர்கள். வேதத்தின் முன்பாதி வேள்வி, சடங்கு என்று செய்யச் சொல்கிறது, முடிவில் வரும் உபநிடதம் உன்னையே அறியச் சொல்கிறது என்பீர்கள். "நடவு வயலுக்குப் போன நாத்துக்கு நாத்தங்கால்ல என்ன வேலை?" என்று கேட்டால் கூட்டமே தலையாட்டும். பின்னால் உட்கார்ந்து நானும் ஆட்டினேன்.

சரி, நீங்கள் நடவு வயலுக்குப் போய்விட்டீர்கள். உங்கள் பிள்ளை இன்னும் நாற்றங்காலிலேயே நிற்கிறானே, அவனை என்ன செய்ய?

நேற்று பக்கத்து வீட்டு அண்ணன் தன் அப்பாவுக்குத் திதி கொடுக்க ஆற்றுக்குப் போனார். கதிரும் துணைக்குப் போனான். திரும்பி வந்தவன் அடுப்படியில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "அவரு தண்ணி விட்டுட்டு எழுந்தப்ப முகமே தெளிஞ்சிடுச்சும்மா. நான் எங்கப்பாவுக்கு என்ன செஞ்சேன்?" என்றான். நீங்கள் போன அன்றுகூட அழாதவன், அப்படி அழுதான். எனக்கு உங்கள்மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

உங்கள் அம்மா திவசத்துக்கு மட்டும் வருஷம் தவறாமல் ஈரவேட்டியோடு உட்கார்ந்தீர்களே? கேட்டால், "அது வேற, புள்ள" என்பீர்கள். என்னங்க வேற? உங்கள் அம்மாவுக்கு மட்டும் ஆத்மா இல்லையா? அன்றைக்கு உங்கள் கைக்கு ஒரு வேலை வேண்டியிருந்தது. அதை ஏன் இவனுக்கு இல்லாமல் செய்தீர்கள்?

எனக்கு உங்கள் அளவுக்குப் படிப்பு கிடையாது. ஆனால் அந்தப் பெரிய ஞானத்தைக் கண்டவர்கள்கூட முன்பாதியைத் தூக்கி எறியவில்லையே. இரண்டையும் சேர்த்துத்தானே வேதம் என்றார்கள். பின்பாதி எட்டாதவனும் அழுவான் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

அதனால் சத்தியத்தை மீறச் சொல்லிவிட்டேன். "அப்பா கோச்சுக்குவாரும்மா" என்றான். "கோச்சுக்கட்டும், நான் பாத்துக்கறேன்" என்றேன்.

காலையில் படித்துறைக்குப் போகிறோம். அவன் உங்கள் பெயரைச் சொல்லித் தண்ணீர் விடும்போது, கல்யாணமானதிலிருந்து நான் வாயால் சொல்லாத அந்தப் பெயரை நானும் ஒருதடவை சொல்வேன். இது உறுதி. கோபமிருந்தால் வந்து கேளுங்கள்.

உங்கள் மனைவி,
கதிரின் அம்மா,
சரோஜா