கார்டு வந்துச்சா?

மார்ச் 4, புதன்

பல் டாக்டரிடம் போயிருந்தேன். காத்திருக்கும் அறையில் ஒன்பது பேர். வரவேற்பில் இருக்கும் பெண் எட்டிப் பார்த்து அப்பாவைக் கூப்பிட்டாள். நான் எழுந்து போனேன்.

எழுதிப் படித்தால் பைத்தியக்காரன் மாதிரிதான் இருக்கிறது. ஆனால் நடப்பது அதுதான். நமக்கு அப்பா பெயர் என்றால் முன்னால் ஒரு எழுத்து, அதோடு சரி. பாஸ்போர்ட் எடுத்தபோது அந்த எழுத்தை விரித்து, குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் போட்டுவிட்டார்கள். இந்த நாட்டில் எல்லாருக்கும் அந்தக் கட்டம்தான் நான். சம்பளச் சீட்டில் அவர். வாசல் மணியில் அவர். வேலைச் சட்டையில் இடப்பக்கம், நூலால் தைத்து, அவர். என் சொந்தப் பெயரை ஒருவரும் சொல்வதில்லை.

அவர் போய் ஏழு மாதம் ஆகிறது.

நான் இங்கே கிளம்பின அன்று, "இனிமே என் பேரைச் சொல்லிக்கிட்டு எங்கயும் நிக்காதே" என்றார். நாலு பேரிடம் கெஞ்சி வாங்கித் தந்த வேலையில் சேராமல் ஓடிவந்த கோபம். அதற்குப் பிறகு என்னிடம் பேசவில்லை. அப்பா, ஒரு நாளைக்கு இருபது தடவை சொல்கிறேன். போதுமா?

மார்ச் 8, ஞாயிறு

அடுத்த ஞாயிறு அம்மா வருகிறாள். மூன்று மாத விசிட் விசா. என்னோடு அறையில் இருக்கும் அண்ணன் ஹோட்டலில் பாத்திரம் கழுவுகிறவர். பேச்சு மட்டும் பெரிய இடம், அதனால் எல்லாருக்கும் அவர் 'முதலாளி'. தன் கட்டிலை அம்மாவுக்கு விட்டுவிட்டு நண்பர் அறைக்குப் போகிறார். "அம்மா கைச் சோறு அப்பப்ப அனுப்பிடு தம்பி, கணக்கு நேராயிடும்" என்றார்.

அலமாரியைத் துடைக்கும்போது என் குடியிருப்பு கார்டு கையில் பட்டது. கொடுத்த தேதி பெரிதாக அச்சாகியிருக்கிறது. ஜூலை 29. அன்றைக்கே அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். அப்பா இறந்தது ஆகஸ்ட் 6.

அம்மாவிடம் சொன்னது வேறு. கார்டு இன்னும் வரவில்லை, இப்போது வெளியே போனால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள் என்றேன். எல்லாரும் நம்பினார்கள். சித்தப்பா மகன் கொள்ளி வைத்தான். பாவம், பிள்ளை அங்கே மாட்டிக்கொண்டான் என்று ஊரே உச்சுக் கொட்டியதாம்.

ஏன் பொய் சொன்னேன்? அந்த வாரம் முழுக்க அம்மா தினமும் போன் பண்ணி, "கார்டு வந்துச்சா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். வந்துவிட்டது என்றால் லீவு போட்டு வா என்பாள். அப்பா முகத்தில் முழிக்க எனக்கு மனசில்லை. இன்னும் வரலம்மா. இன்னும் வரலம்மா. பிறகு, திடீரென்று நெஞ்சுவலி, போய்விட்டார் என்று போன். நேற்று வராத கார்டு இன்றைக்கு எப்படி வரும்? அதே பொய்யைத் திரும்பச் சொன்னேன்.

இது அம்மாவுக்குத் தெரிந்தால் தீர்ந்தேன். எனக்கென்று மிச்சம் இருப்பது அவள் ஒருத்திதான்.

மார்ச் 15, ஞாயிறு

விமான நிலையத்தில் முக்கால் மணி நேரம் அம்மாவை நிறுத்திவிட்டார்கள். யார் வீட்டுக்கு வந்திருக்கிறீர்கள், பெயர் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறார் அதிகாரி. அம்மா நான் அனுப்பியிருந்த அழைப்புக் கடிதத்தைக் காட்டியிருக்கிறாள். படிக்க வேண்டாம், வாயால் சொல்லுங்கள் என்றாராம். நாற்பது வருஷமாகப் புருஷன் பெயரைச் சொல்லாதவள் அங்கே மட்டும் சொல்லிவிடுவாளா? கடைசியில் அதிகாரியே எனக்குப் போன் போட்டு, "உங்கள் அம்மாவுக்கு உங்கள் பெயர் தெரியாதா?" என்றார்.

வெளியே வந்தவளிடம், "என் பேரையாவது சொல்லியிருக்கலாமே?" என்றேன்.

"சொன்னேன்டா. அது இல்ல, அது இல்லன்னு தலையாட்டறான் அந்த ஆளு."

சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. இளைத்துவிட்டாள்.

மார்ச் 16

வாசல் மணியில் ஒட்டியிருக்கும் பெயரை அம்மா முந்தானையால் துடைத்துவிட்டு உள்ளே போனாள்.

மார்ச் 29, ஞாயிறு

இரண்டு வாரத்தில் தேறிவிட்டாள். எந்தக் குப்பை எந்தத் தொட்டி, பஸ்ஸில் அட்டையை எங்கே காட்டுவது, எல்லாம் அத்துப்படி. கீழ்த்தளத்துச் சலவை மெஷினுக்கு எங்கள் முறை செவ்வாய் காலை என்பதை எனக்கே ஞாபகப்படுத்துகிறாள். ஆனால் என் வேலைச் சட்டையை மட்டும் மெஷினில் போடுவதில்லை. கையால் கசக்குகிறாள். ஏன் என்றேன்.

"அவரை அதுல போட்டுச் சுத்த விடச் சொல்றியா?"

விளையாட்டாகத்தான் சொன்னாள். எனக்கு அந்தச் சட்டையைப் போட்டுக்கொள்ளக் கை வரவில்லை.

ஏப்ரல் 11, சனி

எனக்கு வேலை சூப்பர் மார்க்கெட்டுகளில் குளிர் அறை பழுது பார்ப்பது. இன்று உள்ளே தனியாக இருந்தேன். இடுப்பில் இருந்த வாக்கி டாக்கியில் மேற்பார்வையாளர் அந்தப் பெயரைக் கூப்பிட்டார். மூன்று தடவை. நான் பதில் சொல்லவில்லை. பின்னால் நிற்கிறவர் சொல்வார் என்று காத்திருந்தேன் — சத்தியமாக. திரும்பிப் பார்த்தால் அட்டைப்பெட்டிகள்தான்.

வீட்டுக்கு வந்த பிறகு கம்பெனியிலிருந்து போன். எடுத்து, வழக்கம்போல அப்பா பெயரைச் சொல்லி, நான்தான் பேசுகிறேன் என்றேன். அடுப்படியில் இருந்து அம்மா கரண்டியோடு ஓடிவந்தாள். என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

"அச்சு அசல் அவர் குரல்டா."

இத்தனை நாள் என் குரல் என்றுதானே நினைத்தேன்?

மே 25, திங்கள்

விசாவை நீட்டிக்கச் சொல்கிறாள். "இன்னும் மூணு மாசம் இருந்துட்டுப் போறேனே." எனக்கு அழுகையே வந்துவிட்டது. இருக்கட்டும், எப்போதும் இருக்கட்டும்.

படிவம் வாங்கினேன். இணைக்க வேண்டியவை: அவள் பாஸ்போர்ட், வீட்டு ஒப்பந்தம், என் கார்டின் நகல், இரண்டு பக்கமும். அவள் ஒவ்வொரு தாளிலும் கையெழுத்துப் போட வேண்டும்.

கார்டு நகலைக் கட்டின் நடுவில் செருகி, "இங்க போடும்மா, இங்க" என்று வேகமாகப் புரட்டிவிட்டால்? கண் சரியாகத் தெரியவில்லை என்கிறாளே. ச்சீ, என்ன யோசனை இது.

மே 28, வியாழன்

விசா அலுவலகத்தில் புரட்டத்தான் செய்தேன். அம்மா தாள் மேல் கையை வைத்து நிறுத்தினாள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள். மெதுவாகப் படித்தாள். கையெழுத்துப் போட்டாள். அடுத்த தாளுக்குப் போனாள்.

பஸ்ஸில் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தாள்.

மே 29

சாப்பாடு போட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

மே 30, சனி

காலையில் காய் நறுக்கிக்கொண்டே ஆரம்பித்தாள்.

"அவர் திடீர்னு போகலடா. ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில கிடந்தார்."

கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தேன்.

"சொல்லிடறேன்னு சொன்னேன். வேண்டாம்னுட்டார். சொன்னா அவன் கார்டு இல்லாம ஓடி வந்துடுவான், அப்புறம் அங்க சேர்க்கமாட்டாங்க, பொழப்பு போயிடும். கார்டு வரட்டும், வந்த அன்னிக்கே வரச்சொல்லுன்னார். தினமும் அவர் பக்கத்துல உட்கார்ந்துதான் உனக்குப் போன் பண்ணேன். வச்சதும் என் முகத்தைப் பார்ப்பார்."

"ஏம்மா இத்தனை நாள் சொல்லல?"

"நீதான் வர முடியாம அங்க துடிக்கிறியே, இதையும் சொல்லிக் கொல்லணுமான்னு விட்டேன்."

கத்தியை வைத்துவிட்டு என்னை நேராகப் பார்த்தாள். "அவரைச் சேர்த்த முத நாளே வந்துடுச்சு, இல்ல?"

ஆமாம் என்றேன். காலில் விழப்போனேன். நகர்ந்துகொண்டாள்.

அவர் பேசமாட்டார் என்று நினைத்தேனே! ஒன்பது நாளும் கேட்டது அவர்தானா? அந்தப் போனில் நான் சலித்துக்கொண்டது, சும்மா சும்மா கேக்காதேம்மா என்று வள்ளென்று விழுந்தது — அதெல்லாம் அவர் காதில் விழுந்திருக்குமே. ஐயோ. ஐயோ, அப்பா!

ஜூன் 9, செவ்வாய்

நீட்டிப்பு கிடைத்துவிட்டது. அம்மாவிடம் தாளைக் கொடுத்து, "ஊருக்குப் போறதுன்னாலும் சொல்லும்மா, டிக்கெட் போடறேன்" என்றேன். இத்தனை நாளுக்குப் பிறகு அவள் பேசினது இதுதான்.

"அங்க போய் என்ன பண்ண? குடும்ப அட்டை, கரண்ட் பில், பேங்க் புத்தகம், ஒவ்வொண்ணா அவர் பேரை அடிச்சுட்டாங்க. எல்லாத்துலயும் நான்தான் கையெழுத்துப் போட்டேன். இங்கதான் இன்னும் அவர் பேருக்குத் தபால் வருது. நான் அதுக்குத்தான் இருக்கேன். உனக்காகன்னு நினைச்சுக்காதே."

ஜூன் 13, சனி

எனக்கு விடுமுறை. தபால் பதினொரு மணிக்கு வரும். பத்தரைக்கே அம்மா தலை சீவிக்கொண்டு கீழே போனாள். நானும் வரவா என்றேன். வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டாள்.