ரங்கய்யா எங்கே பார்க்கிறார்

ஐப்பசி 8, வியாழன்

காலையிலிருந்து தூறல். தெருவில் பாவு நூலை நீட்டி விரிக்க வழியில்லை. நெசவு நின்றால் சீட்டு. பட்டு நூல் தரகர் ரங்கய்யாவின் கடைப் பின்னறையில் பகலிலேயே ஆட்டம். மூணு சீட்டு.

தங்கை கமலா அழவில்லை. விஷயத்தை மட்டும் சொன்னாள். மாப்பிள்ளை ஏகாம்பரம் தறியையே பந்தயத்தில் வைத்துவிட்டானாம். ஆட்டம் ஞாயிறோடு தீர வேண்டும். தோற்றால் திங்களன்று வண்டி வந்து தறியைப் பிரித்து ஏற்றிப் போகும்.

"எத்தினி கோர்ட்டுல உக்காந்து எழுதியிருக்கே. அந்தாளு எப்படி ஜெயிக்கிறான்னு பார்த்துச் சொல்லுண்ணா."

பேப்பருக்குத் தந்தி: லீவு நீட்டிப்பு. குடைக் கம்பி உடைந்தது.

9, வெள்ளி

மழை. ஆடவில்லை, பார்க்க மட்டும். கதவோரம் இடம், யார் சீட்டும் தெரியாது. ஆடுவோர் நால்வர்: ர., மாப்பிள்ளை, முசரவாக்கத்துப் புகையிலை வியாபாரி, ஒரு வாத்தியார். பின்னிருவரும் பயந்தவர்கள், யாராவது பந்தயத்தை ஏற்றினால் சீட்டை மடக்கி விலகிவிடுகிறார்கள். பந்தயத்தில் காசுக்குப் பதில் புளியங்கொட்டை.

சந்தேகங்கள்.

சீட்டின் முதுகில் நகக்குறி? கீழே விழுந்ததை எடுத்துத் தடவினேன். இல்லை.

ஜன்னல். ர. அதற்கு முதுகு காட்டியே உட்காருகிறார். வெளிச்சம் மற்றவர் முகத்தில். கெட்டிக்காரத்தனம், திருட்டு அல்ல.

வாத்தியார் இருமல். ஜாடையோ? ஆட்டம் முடிந்து தெருமுனை வரை இருமிக்கொண்டே போனார். பாவம்.

மாப்பிள்ளை முகம் சுவர் மாதிரி. எது வந்தாலும் அதே அரைக்கண். வீடு திரும்பும் வழியில் அவனிடமே விசாரித்தேன். வெறும் சீட்டை வைத்து அவன் ஏற்றியபோதெல்லாம் ர. விடாமல் காட்டச் சொல்லியிருக்கிறார். நல்ல சீட்டுக்கு உடனே மடக்கல். எப்படி?

10, சனி

விட்டு விட்டு மழை. தலைவலி. இன்று ர. கண்ணை மட்டும் கவனித்தேன். மாப்பிள்ளை சீட்டை விரித்ததும் அந்தக் கண் பாய்க்கு இறங்குகிறது. அங்கே மாப்பிள்ளையின் வலது கால் கட்டைவிரல். சேர்க்கை நன்றாயிருந்தால் தறிக்குழியில் மிதிகட்டையை மிதிப்பதுபோல் அழுந்தி எழுகிறது. ஒத்துவராவிட்டால் நிற்கிறது. இழை அறுந்தால் நெசவாளி கால் நிற்குமே, அப்படி. தறிவீடுகளுக்குள் வருஷக்கணக்காக நடமாடும் தரகர். தெரியாமலா இருக்கும்?

வீட்டில் சொன்னேன். மாப்பிள்ளை நம்பவில்லை. பிறகு தன் காலையே முறைத்தான். மோசமான சீட்டுக்கும் மிதிக்கச் சொல்லி ஒத்திகை. நடக்கவில்லை.

"அறுந்த இழை மேல எப்படி மச்சான் மிதிக்கிறது? பாவே கெட்டுப்பூடும்."

நல்ல சீட்டுக்கு நிறுத்தச் சொன்னேன். அதுவும் வரவில்லை. கமலா சிரித்துவிட்டாள். பிறகு எழுந்து உள்ளே போய்விட்டாள்.

11, ஞாயிறு

வெயில். ஆனாலும் ஆட்டம்.

கால் சொல்லிக்கொண்டே இருந்தது, ர. படித்துக்கொண்டே இருந்தார். கொட்டை கரைந்தது.

"ஏமய்யா ஏகாம்பரம், தறிக்குக் கற்பூரம் காட்டிட்டு வந்தியா?" என்றார். வாத்தியார் சிரித்து, இருமினார்.

கையில் ஒரு பிடிக் கொட்டை மிச்சம். மாப்பிள்ளை சீட்டைப் பார்த்தான். கால் அசையவில்லை. எல்லாக் கொட்டையையும் தள்ளினான். மடக்கு, மடக்கு என்று ர.வைப் பார்த்து மனசுக்குள் சொன்னேன்.

ர. பாயை நிதானமாகப் பார்த்தார்.

"தறியும் இதுலயே தீர்ந்துடட்டும்பா. காட்டு."

மாப்பிள்ளை விரித்தான்: மூன்று ராஜா.

ர. சீட்டைப் பார்க்கவில்லை. அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னை.

வெளியே வந்ததும் மாப்பிள்ளை சுவரைப் பிடித்துக்கொண்டான். எப்படி நிறுத்த முடிந்தது என்று கேட்டேன்.

"நான் எங்க நிறுத்தினேன்? கால் மரத்துப்பூட்ச்சு மச்சான். இன்னும் உணர்ச்சியே வரல."

12, திங்கள்

வண்டி வரவில்லை. தறி இருக்கிறது. கமலா பணியாரம் கட்டிக் கொடுத்தாள். ரயிலுக்குப் புறப்பட்டேன். மாப்பிள்ளை வாசல் வரை வந்து, குரலைத் தாழ்த்தி, கால் மரக்க எவ்வளவு நேரம் ஒரே பக்கமாக உட்கார வேண்டியிருக்கும் என்று கேட்டான்.

பெட்டியைத் திரும்ப உள்ளே வைத்தேன்.