நோய் கண்ட தாயின் குஞ்சுகள்

அம்மாவுக்கு,

உன் முழங்கால் வலி தேவலையா? நான் சௌக்கியம்.

ஆய்வகத்தில் நேற்று ஒரு வேடிக்கை. நூல் துணுக்கு மாதிரி உருளைப்புழுக்கள். அவற்றின் குடல் செல்லுக்குள் புகுந்து தின்னும் ஒட்டுண்ணியைக் குஞ்சுகளுக்குக் கொடுத்தேன். சுகமாக வாழ்ந்த தாய்களின் குஞ்சுகள் வாடிச் சுருண்டன. அதே நோயில் வதைபட்ட தாய்களின் குஞ்சுகளை அது அவ்வளவாகத் தொடவில்லை.

“பாவம், அம்மா பட்டது பிள்ளைக்கு உதவுது,” என்றாள் பக்கத்து மேஜைக்காரி.

அப்பா படுத்த படுக்கையாகக் கிடந்து அழுகிறார், “ஒரு தடவை வந்து பாத்துட்டுப் போடி” என்று எழுதியிருந்தாய். படித்தேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. இருபது வருஷம் நீ அவரிடம் பட்டதுதான் காரணம். வரமாட்டேன்.

டைமர் அடிக்கிறது, முடிக்கிறேன். இங்கே குளிர் தாங்கவில்லை. போர்த்திக்கொள்ள உன் பழைய புடவை ஒன்றைத் துவைக்காமல் அனுப்பு, அவர் கிழிக்காதது ஏதாவது மிஞ்சியிருந்தால்.