தெரியாது என்று சொன்ன தலைவனுக்கு

அன்பு நண்பனே,

இன்று காலை ரேஷன் கடை வரிசையில் நின்றபோது ஈரச் சாக்கின் வாடை அடித்தது. அரிசி வாங்கப் போனவன், உன்னோடு அந்தக் கடற்கரைப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டேன். வகுப்பறைத் தரையெல்லாம் உப்புச் சாக்குகளை விரித்து, புயலுக்கு ஒதுங்கிய ஊரையே உட்காரவைத்திருந்தோம்.

உன் இரங்கல் கூட்டத்தில் பேசியவர், அந்தப் புயல் கார்த்திகையில் அடித்தது என்றார். தவறு. ஐப்பசி, தீபாவளி விடுமுறை முடிந்து கல்லூரி திறந்த வாரம், நாம் பி.ஏ. இரண்டாம் ஆண்டு. ‘எழுபதுகளில் ஒரு புயல்’ என்று பொதுவாகச் சொல்லியிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். எழுந்து திருத்தினேன். நீ இருந்திருந்தால் சிரித்திருப்பாய்.

நீ மாணவர் பேரவைத் தலைவன், நான் செயலாளர்; மாணவர்களோடு உதவிக்குப் போயிருந்தோம். நீ மேடையேறினால் குரல் ஊர் தாண்டி முத்தையாபுரம் வரை கேட்கும் என்று கேலி செய்வோம். அன்று நீ மெதுவாகவே பேசினாய். கடலுக்குப் போன வள்ளங்களில் ஒன்று திரும்பவில்லை. அதில் பிலோமினா என்ற பெண்ணின் கணவர் இருந்தார். பிலோமினாவின் அழுகை அறை அறையாகப் பரவிக்கொண்டிருந்தது. வள்ளம் மணப்பாட்டில் கரை ஒதுங்கிவிட்டதாகச் சொல்லிவிடு, கூட்டம் அடங்கும் என்று ஊர்ப் பெரியவர் ஒருவர் உன்னைத் தனியே அழைத்துச் சொன்னார். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. நீ நேராக அந்தப் பெண்ணிடம் போனாய்.

“தெரியலக்கா. மணப்பாட்டுக்கும் புன்னைக்காயலுக்கும் சைக்கிள்ல ஆள் போயிருக்கு. வந்ததும் உங்ககிட்டதான் மொதல்ல சொல்லுவேன்.”

“தெரியலன்னு சொல்லத்தான் காலேசுல படிக்கியாலே?” என்று அவர் சீறினார்.

நீ நகரவில்லை. அழுகை ஓயும்வரை அங்கேயே நின்றாய். பிறகு நான் கடிந்துகொண்டபோது, “இன்னைக்குப் பொய்யச் சொல்லிட்டு நாளைக்கு நெசத்தச் சொன்னா எவம்ல நம்புவான்?” என்றாய்.

நாளை வரை காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. பிற்பகலில் யாரோ “கடல் உள்ள வந்துட்டு!” என்று அலற, இருந்த ஒரே வாசலை நோக்கிக் கூட்டம் பாய்ந்தது. பிள்ளைகள் கால்களுக்கிடையே விழுந்தார்கள். பெரியவர் கத்திப் பார்த்தார், எவரும் கேட்கவில்லை. நீ வெளியே ஓடிப் பார்த்துவிட்டு வந்து, “ஓடையில மழத்தண்ணி! கடல் இல்ல!” என்று கூவினாய். உன் புகழ்பெற்ற குரலும் எடுபடவில்லை. அப்போது பிலோமினா வாசலை மறித்துக் கைகளை விரித்து நின்றார்.

“ஏளா, நில்லுங்க! இந்தப் பய சொல்லுதான்னா சரியாத்தான் இருக்கும். எம் மூஞ்சிக்கு நேர பொய் சொல்லாதவன் இவன் ஒருத்தன்தான்!”

கூட்டம் தயங்கியது. விழுந்த பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு, ஒவ்வொருவராகச் சாக்குகளுக்குத் திரும்பினார்கள். மாணவர் தலைமை பற்றிப் பின்னாளில் நிறையப் படித்தேன். பயந்த கூட்டம் யார் பேச்சைக் கேட்கும் என்பதை அந்த வாசலில்தான் கற்றேன்.

மறுநாள் சைக்கிள் திரும்பியது. வள்ளம் புன்னைக்காயலில் ஒதுங்கியிருந்தது. கணவர் கை முறிந்து, உயிரோடு இருந்தார். என்ன செய்தி என்று பெரியவர் உன்னை வழிமறித்தார். நீ அவரை விலக்கிக்கொண்டு போய், பிலோமினாவின் முன் நின்ற பிறகே வாயைத் திறந்தாய்.

போன மாதம் உன்னைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் கொண்டுபோன செவ்வாய்க்கிழமை (உன் மருமகன் புதன் என்கிறார், செவ்வாய்தான்) வராந்தா நிறைய உறவினர்கள் இருந்தார்கள். அப்பா நாளைக்கே வீட்டுக்கு வந்துவிடுவார் என்று ஆளாளுக்கு உன் மகளிடம் சொன்னார்கள். அவள் என்னிடம் வந்து, “மாமா, அப்பா பிழைச்சிருவாங்கதானே?” என்றாள். ஆம் என்று சொல்ல நாக்கு தவித்தது. தெரியவில்லை என்றேன், டாக்டர் வந்ததும் நானே கேட்டு வருகிறேன் என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள். சற்று நேரம் கழித்து, ஆறுதல் சொன்ன அத்தனை பேரையும் தாண்டி வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். டாக்டர் வரும்வரை எழுந்திருக்கவில்லை.