வேகமாக நடக்க ஒரு சேலை, மெதுவாக நடக்க ஒன்று

நேற்று மழைக்கு ஒதுங்கப் போய் கடைவீதியில் ஒரு துணிக்கடைக்குள் நுழைந்தேன். புதுப் பருத்தியின் கஞ்சி வாசம் முகத்தில் அடித்தது. கடைக்காரர் சும்மா இராமல், வறுத்த காப்பிக்கொட்டை நிறத்தில் ஒரு சேலையை மேசைமேல் உதறி விரித்தார். விரல் அகலத்துக்கு மஞ்சள் கரை. என்னையறியாமல் அதன் முனையைப் பிடித்துக்கொண்டு வாசல் வெளிச்சத்துக்குப் போய்விட்டேன்.

"யாருக்கு மிஸ்? உங்களுக்கா?" என்று கேட்டார் அவர்.

நான் சேலை கட்டுவதில்லை. அந்த நிறத்தைக் கட்டியவள் நீ. நீ போய் ஒரு வருடத்துக்கு மேலாகிறது. வீடு திரும்பியதிலிருந்து உன்னோடு பேசவேண்டும் போலவே இருக்கிறது. அதுதான் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நான் படிப்பித்துக்கொண்டிருந்த பள்ளிக்கூடத்துக்கு நீயும் ஆசிரியையாக வந்தபோது நம் இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. நான் கண்டி நகரத்திலேயே வளர்ந்த அரசாங்கக் கச்சேரி கிளாக்கரின் மகள். நீ புசல்லாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக் காம்பராவில் பிறந்து, மிஷன் விடுதியில் தங்கிப் படித்து வந்தவள். அன்று இருவருமே கவுன்தான் போட்டிருந்தோம். என்னுடையது, கொழும்பில் வாழ்க்கைப்பட்ட என் அக்கா அனுப்பிய ரோஜா நிறக் கவுன். கழுத்தைச் சுற்றி அடுக்கடுக்காக லேஸ். குள்ளமாய்க் குண்டாய் இருந்த என்னை அது இன்னும் குண்டாக்கியது. உன்னுடையது விடுதியில் யாரோ விட்டுப்போனது. உன் உயரத்துக்குப் போதாமல், தோளில் இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றது. ஆசிரியர் அறைக் கண்ணாடியில் நாம் இருவரும் சேர்ந்து தெரிந்தபோது நீதான் முதலில் சிரித்தாய்.

"இந்த ரெண்டு பேத்தையும் யாரு புள்ள உடுத்தி விட்டது?"

எனக்குச் சுருக்கென்றது. நம்மை வேறு யாரோ உடுத்திவிட்டிருக்கிறார்கள் என்று அதுவரை நான் நினைத்ததே இல்லை.

அதற்குப் பிறகு நீ செய்ததையெல்லாம் நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். யாழ்ப்பாணத்து டீச்சர் தன் பட்டுச் சேலையைத் தந்து, "ஓம், உமக்கு நல்ல வடிவாயிருக்கு" என்றார். நீ மத்தியானம்வரை அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே திரிந்தாய். சிங்கள டீச்சர் கண்டிய முறையில் இடுப்பைச் சுற்றிக் கொசுவம் விரியக் கட்டிவிட்டார். ராணி மாதிரி இருந்தாய். கண்ணாடியில் வெகுநேரம் பார்த்துவிட்டு, "ரொம்ப அழகா இருக்கு. ஆனா நான் யாரு வீட்டுக்கோ விருந்துக்கு வந்தவ மாதிரி இருக்கேன்" என்று மெல்ல அவிழ்த்து மடித்துக் கொடுத்தாய்.

ஒவ்வொரு உடையையும் நீ சோதித்த விதம் எனக்கு வேடிக்கையாக இருந்தது. கரும்பலகையின் உச்சிக்குக் கையைத் தூக்குவாய். பாலர் வகுப்புப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து எழுந்திருப்பாய். கல் படிகளில் விடுவிடுவென்று இறங்குவாய். எங்காவது இழுத்தால், எங்காவது நழுவினால், அந்த உடையைக் கழித்துவிடுவாய். அழகாக இருக்கிறதா என்பதைக் கடைசியில்தான் பார்ப்பாய். ஆனால் அழகில்லை என்று உனக்குப் பட்டுவிட்டால், யார் நல்லது என்றாலும் ஏற்கமாட்டாய்.

கடைசியில் நீ கண்டுபிடித்தது, யாருமே எதிர்பார்க்காதது. கெட்டியான பருத்திச் சேலை, காப்பிக்கொட்டை நிறமோ கரும்பச்சையோ. கணுக்கால் தெரியுமளவுக்கு ஏற்றிய கொசுவம். காலர் வைத்த முழுக்கை வெள்ளைச் சட்டை. முந்தானையை முதுகைச் சுற்றி இழுத்து இடுப்பில் இறுக்கிச் செருகியிருந்தாய். கொழுந்து எடுக்கும் பெண்கள் செருகுவது போலவே. காதில் சின்னத் தோட்டைத் தவிர வேறொன்றும் இல்லை. அந்தக் காலையில் நீ மேட்டில் ஏறி வந்ததை இன்றும் பார்க்கிறேன். அவ்வளவு நெட்டையானவள் என்று அன்றுதான் தெரிந்தது. அதுவரை நீ கூனி நடந்திருக்கிறாய்.

எங்கள் பள்ளிக்கூட அதிபர் அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. கெட்ட மனுஷி அல்ல. ஆனால் பெற்றோர் என்ன சொல்வார்களோ என்று பயந்தார். சேலை கட்டலாம், அதைச் சீமாட்டிகள் கட்டுகிற மாதிரி கட்டவேண்டும், இல்லாவிட்டால் பரிசளிப்பு நாளில் மேடையில் இடமில்லை என்றார். உன் வேலை இன்னும் நிரந்தரமாகாத நேரம். நீ அவரிடம் மரியாதையாக, "அப்படியென்றால் நான் பிள்ளைகளோடு கீழே உட்காருகிறேன், மேடம்" என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டு வந்தாய். பரிசளிப்பு அன்று நான் மேடையில் லேஸுக்குள் வியர்த்துக்கொண்டிருந்தேன். நீ கீழே பிள்ளைகளுக்கு நடுவில் முழங்காலைக் கட்டிக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாய். அந்த வருடம் உன்னை நிரந்தரமாக்கவில்லை. அடுத்த வருடம், நீ மைதானத்தில் பிள்ளைகளுக்கு ட்ரில் சொல்லிக்கொடுப்பதை வராந்தாவிலிருந்து பல நாள் பார்த்த பிறகு, சேலையைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல் கையெழுத்துப் போட்டார்.

அதிபரைச் சமாளித்த உன்னால் உன் அம்மாவைச் சமாளிக்க முடியவில்லை.

விடுமுறைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் புசல்லாவைக்குப் போனாய். அம்மா கொழுந்து எடுத்துவிட்டு மலையிலிருந்து அப்போதுதான் இறங்கியிருந்தார். செடியின் ஈரம் படாமல் இடுப்பில் சுற்றிய படங்குச் சாக்கில் ஈரம் சொட்டியது. உன் முகத்தைப் பார்க்குமுன் இடுப்பில் செருகிய முந்தானையைத்தான் பார்த்தார்.

"இது என்னாடி கோலம்? கொழுந்துக்குப் போறவ கட்டுற கட்ட நீ எதுக்குக் கட்டுற?"

"இதுல தாம்மா எனக்கு வேகமா நடக்க வருது."

"வேகமா நடக்கவா ஒன்னயப் படிக்க வச்சேன்?" அம்மாவின் குரல் உடைந்துவிட்டது. "நான் பொறந்ததுலேருந்து ஓடிக்கிட்டுத்தானே இருக்கேன். நீயாச்சும் மெதுவா நடக்கணும்னு தாண்டி படிக்க வச்சேன்."

திரும்பும் பஸ் கம்பளை தாண்டிய பிறகு, "அவங்க சொன்னதுல ஞாயம் இருக்கு புள்ள" என்றாய். "என் சொகத்த மட்டும் பாத்துட்டேன்."

செருகலை நீ விட்டுவிடவில்லை. அதுதான் உன்னிடம் எனக்குப் பிடித்தது. ஆனால் முதல் சம்பள உயர்வில் இன்னொரு சேலை வாங்கினாய். மெல்லிய நூல், சாம்பல் நீலம், பாதத்தை மூடும் கொசுவம், தோளிலிருந்து தொங்கும் நீண்ட முந்தானை. அம்மா கண்டிக்கு வரும் ஞாயிறுகளில் மட்டும் அதைக் கட்டுவாய். அவரைக் கூட்டிக்கொண்டு குளத்தைச் சுற்றி நடப்பாய், அவ்வளவு மெதுவாக. எதிரே வரும் பெரிய வீட்டு நோனாமார் வழிவிட்டுப் போவார்கள். அம்மா உன் முந்தானை காற்றில் அசைவதைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வருவார்.

என் கதைக்கு வருகிறேன். உன்னைப் பார்த்து நானும் ஒரு காப்பிக்கொட்டைச் சேலை வாங்கி, செருகிக் கட்டிக்கொண்டு பெருமையாக வந்தேன். மேலும் கீழும் பார்த்தாய்.

"இது நான். நீ எங்க?"

கண்ணில் நீர் முட்டிவிட்டது எனக்கு. நீ கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாய்: "நெசத்தச் சொல்லு. ஒனக்கு எது போட்டா சந்தோசமா இருக்கும்?"

வெட்கத்தோடு சொன்னேன், கவுன்தான் என்று. காலில் காற்று வந்து படுவது எனக்குப் பிடிக்கும். நீ வாய்விட்டுச் சிரித்தாய். "அப்ப நீ கவுன்காரி தான். அந்த லேஸு மட்டுந்தான் ஒன்னுது இல்ல." அன்றைக்கே தையல்கார முஸ்லிம் நானாவிடம் போனோம். கருநீலத் துணி, இடுப்பில் சுருக்கு இல்லாமல் நேராக இறங்கும் வெட்டு. சாக்குக்கட்டிக்கும் கைக்குட்டைக்கும் இரண்டு பக்கமும் பொக்கெட் வேண்டும் என்று நானே கேட்டேன். "கவுனுக்குப் பொக்கெட்டா தங்கச்சி? எந்த நோனாவும் இப்படிக் கேட்டதில்லையே" என்றார் நானா. "இந்த நோனா கேக்குறாங்க, வைங்க" என்றாய் நீ.

அக்காவுக்கு இனிமேல் கவுன் அனுப்பவேண்டாமென்று எழுதினேன். அவள் பல மாதம் என்னோடு பேசவில்லை. பிறகு அதே வெட்டில் தனக்கு ஒன்று தைத்து அனுப்பச் சொன்னாள்.

பிறகொரு விடுமுறைக்குத் தோட்டத்துக்குப் போன இடத்தில் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய்விட்டது. சேதி கிடைத்து நான் வந்து சேர்ந்தபோது லயத்து வாசலில் பெண்கள் கூடியிருந்தார்கள். உள்ளே அம்மா உன் பெட்டியைத் திறந்து இரண்டு சேலைகளையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் நீலத்தைத்தான் எடுப்பார் என்று நினைத்தேன். என்னைப் பார்த்ததும் காப்பிக்கொட்டைச் சேலையை நீட்டினார்.

"பள்ளிக்கூடத்துக்கு எப்புடிக் கட்டுவாளோ அப்புடியே கட்டி விடும்மா. எனக்கு அந்தச் செருகல் சரியா வராது."

நான் கட்டினேன். அம்மா விளக்கைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு மடிப்பையும் பார்த்தார். முடிந்ததும் உன் இடுப்பில் செருகிய முந்தானையைக் கையால் ஒருமுறை அழுத்திவிட்டார். நீலச் சேலை இன்னும் அவரிடம்தான் இருக்கிறது. கேட்க எனக்கு மனம் வரவில்லை. அவரிடம் இருப்பதுதான் சரி.

உன்னை எண்ணும்போதெல்லாம் எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது. துணியைப் பற்றி அவ்வளவு யோசித்தவள், கட்டி முடித்த பிறகு அதைப் பற்றி நீயாக ஒருநாளும் பேசியதில்லை. கட்டியதை மறந்துவிடத்தான் அவ்வளவு யோசித்தாய் என்று இப்போது விளங்குகிறது. முன்பெல்லாம் ஒரு கல்யாண வீட்டுக்குள் நுழைந்தால் எல்லோரும் என்னைத்தான் பார்க்கிறார்கள் என்று சுவரோரமாய் ஒதுங்குவேன். போன மாதம் மாத்தளையில் ஒரு கல்யாணம். பட்டுக்களுக்கு நடுவில் என் கருநீலக் கவுனோடு நேராக உள்ளே போனேன். மாப்பிள்ளையின் பெரியம்மா தனியாக உட்கார்ந்திருந்தார், காது கேளாதவர். பக்கத்தில் உட்கார்ந்து சாப்பாடு முடியும்வரை சைகையிலேயே பேசிச் சிரித்தோம். கிளம்பும்போது கையை விடாமல் பிடித்துக்கொண்டார். என்னை யார் யார் பார்த்தார்கள் என்பது வீட்டுக்கு வந்த பிறகும் எனக்கு ஞாபகம் வரவில்லை.