பாறை விளக்கின் வரலாற்றுப் பலகையிலுள்ள ஒரு வரியை நீக்கக் கோரி

அனுப்புநர்:
பாறை விளக்கின் முன்னாள் காவலரின் மகன்,
கல்லூரி நூலகர்,
துறைமுகப் பணியாளர் பழைய குடியிருப்பு.

பெறுநர்:
துறைமுக நிர்வாக அதிகாரி அவர்கள்,
துறைமுக அலுவலகம்.

பொருள்: வெள்ளிக்கிழமை திறக்கப்படவுள்ள கலங்கரை விளக்க வரலாற்றுப் பலகை – “காவலரின் கவனக்குறைவால் விளக்கு அணைந்து கப்பல் உடைந்தது” என்னும் வரியை நீக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இதே பொருள் குறித்து முன்பே மனுக்கள் கொடுத்திருக்கிறேன். நேரில் வந்து விசாரித்தபோது தங்கள் பிரிவு எழுத்தர், “மேல அனுப்பியாச்சு சார், அது இன்னும் கீழ வரல” என்றார். அவரைக் குறை சொல்லமாட்டேன். உட்கார நாற்காலியாவது கொடுத்தார்.

2. பலகையை நட்டு, துணி போட்டு மூடியிருக்கிறார்கள். காற்றடித்தால் துணி விலகுகிறது, படித்துவிட்டேன். துறைமுக வாயிலில் கிடக்கும் பாறையில் கப்பல்கள் மோதியது, முதலில் அங்கே ஒரு படகை நங்கூரமிட்டு விளக்கேற்றியது, பிறகு கடல் அடங்கும் மாதங்களில் மட்டும் கல் ஏற்றிக் கோபுரம் கட்டியது எல்லாம் சரியாகவே உள்ளன. அடிக்கல் நாட்டிய அதிகாரிக்கு ஆறு வரிகள். அலை ஒத்துக்கொள்ளாமல் அவர் படகைவிட்டு இறங்கவேயில்லை என்பது விடுபட்டிருக்கிறது, போகட்டும். கட்டும்போது மூழ்கியவர்களுக்குப் ‘பலர்’ என்று ஒரே சொல். அதையும் விட்டுவிடுகிறேன்.

3. விட முடியாதது கடைசி வரி. நான் பள்ளியில் படித்த காலத்தில், ஒரு மழை இரவில் சரக்குக் கப்பல் ஒன்று அந்தப் பாறையில் மோதி உடைந்தது. துணைக்காவலர் காய்ச்சலோடு கரைக்கு அனுப்பப்பட்டிருந்ததால் என் தந்தை அன்று அங்கே தனியாக இருந்தார். மாலுமிகளைக் கயிறு போட்டு இழுத்து ஏற்றியவர் அவர். விளக்கு நன்றாகத் தெரிந்தது, எஞ்சின்தான் நின்றுவிட்டது என்று அவர்களே அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். மறுநாள் வந்த படகில் அவர்களை அனுப்பிவிட்டு, விளக்கைப் பார்க்க ஆளில்லாததால் அவர் அங்கேயே தங்கினார். விசாரணைக்கு முன்பே அவர்கள் வேறு கப்பலில் ஊர் திரும்பிவிட்டார்கள். அதன் பிறகு கடல் கொந்தளிப்பில் படகு போகாததால் என் தந்தையால் கரைக்கு வரவே முடியவில்லை. வந்தபோது அறிக்கையில் கையெழுத்து ஆகியிருந்தது.

4. அறிக்கைக்கு ஆதாரம், அன்றைய துறைமுக அதிகாரியின் சாட்சியம். தம் படுக்கையறை ஜன்னலிலிருந்து பார்த்ததாகவும் வெளிச்சமே இல்லை என்றும் அவர் சொன்னார். அது உண்மைதான். சுழலும் விளக்கு அறைக்குள் அடித்துத் தம் மனைவிக்குத் தூக்கம் கெடுகிறது என்று, கரைப் பக்கத்துக் கண்ணாடிக்கு இரும்புத் தகடு அடிக்கச் சொன்னவரும் அவரே. அடித்தவர் என் தந்தை. தகடு வந்த பிறகு நகரத்திலிருந்து எந்த இரவிலும் அந்த விளக்கு தெரிந்ததில்லை. அவருக்கு மறந்துவிட்டதா, நினைவிருந்தும் சொல்லவில்லையா என்று நான் ஆராயப்போவதில்லை. அவருக்குக் கீழே வேலை பார்த்த யாரும் நினைவூட்டவில்லை.

5. இப்போது விளக்கு தானாக எரிகிறது. தகடு துருப்பிடித்தால் புதிதாக மாற்றுகிறார்கள். எதற்கென்று யாரும் கேட்பதில்லை. இருட்டிய பிறகு தங்கள் அறை ஜன்னலில் நின்று பாருங்கள், ஐயா. ஒன்றும் தெரியாது. அதே நேரத்தில் வெளியே நிற்கும் கப்பல்கள் அதைப் பார்த்துத்தான் உள்ளே வந்துகொண்டிருக்கும்.

6. என் தந்தை வேலை போன பின் ஒரு கிடங்கு வாசலில் காவல் இருந்தார். லாரிக்காரர்கள் அவரை ‘அணைச்சவர்’ என்று கூப்பிட்டார்கள். கூப்பிட்டால் அவரும் திரும்பிப் பார்த்தார். பள்ளியில் என்னை ‘அணைச்சவர் மகன்’ என்றவர்களில் ஒருவர் தங்கள் விழாக்குழுவில் இருக்கிறார். நான் மறக்கவில்லை என்பதும் இங்கே பதிவாகட்டும்.

7. அவரைப் புகழ்ந்து எழுதும்படி நான் கேட்கவில்லை. அந்த ஒரு வரியின் மேல் வண்ணம் பூசினால் போதும். மறுவிசாரணை தேவையென்றால் பிறகு நடக்கட்டும். அதுவரை அந்த வரி வெளியே தெரியவேண்டாம்.

8. முன்னாள் காவலர் குடும்பம் என்ற முறையில் என் தாயாருக்கு முன்வரிசையில் இடம் ஒதுக்கி அழைப்பிதழ் அனுப்பியிருக்கிறீர்கள். “அப்பாவப் பத்தி ஏதாச்சும் எழுதியிருக்காங்களாடா?” என்று தினமும் கேட்கிறார். இன்னும் திறக்கவில்லையே அம்மா என்று சொல்லிச் சமாளித்துவருகிறேன். கண் அறுவை சிகிச்சைக்குப் பிறகு அவர் கண்ணாடியில்லாமலே படிக்கிறார்.

வெள்ளிக்கிழமை காலைக்குள் தக்க உத்தரவு பிறப்பிக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன். இயலாதென்றால் அதையாவது முன்னதாகத் தெரிவியுங்கள். என் தாயாரை வீட்டிலேயே நிறுத்திவைக்க நான் ஒரு காரணம் கண்டுபிடிக்க வேண்டும்.

இடம்: துறைமுகப் பணியாளர் பழைய குடியிருப்பு
நாள்: செவ்வாய்க்கிழமை

இவண்,
(ஒப்பம்)
காவலரின் மகன்