பாட்டுப் பாடிப் பெற்ற கதை

மார்ச் 3

அன்புள்ள அப்பாவுக்கு,

வாலு எழுதுவது. போனில் கூப்பிட்டால் "சரிம்மா, சரிம்மா" என்று இரண்டு நிமிஷத்தில் வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் காகிதத்தை எடுத்தேன். முழங்கால் எப்படி இருக்கிறது? இன்னும் ஏணியில் ஏறிக் குழாய் மாட்டுகிறீர்கள் என்று எதிர்வீட்டு டைப்பிஸ்ட் அக்கா போட்டுக்கொடுத்துவிட்டாள், மறைக்கவேண்டாம்.

எனக்கு ஒன்பதாவது மாதம் பிறந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் லீவு சொல்லியாயிற்று. என் பூகோள வகுப்பைக் கணக்கு வாத்தியார் எடுக்கிறார், பிள்ளைகள் பாவம். கால் வீங்கி எந்தச் செருப்பும் நுழையவில்லை. உங்கள் மாப்பிள்ளையின் செருப்பைப் போட்டுக்கொண்டு திரிகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். பிரசவத்தை வீட்டிலேயே வைத்துக்கொள்ள முடிவு செய்திருக்கிறோம். பதறாதீர்கள். முறையாகப் படித்த மருத்துவச்சி ஒருத்தி வாராவாரம் வந்து பார்க்கிறாள். குழந்தையின் தலை கீழே திரும்பிவிட்டது. வலி வரும்போது உட்கார்ந்துகொள்ள வெந்நீர்த் தொட்டி ஒன்றை வாடகைக்குச் சொல்லியிருக்கிறோம். போன வாரம் ஒரு மத்தியானம் குழந்தை அசையவே இல்லை என்று அழுது ஊரைக் கூட்டினேன். அவள் ஓடி வந்து, இடது பக்கமாகப் படுக்கவைத்து, வயிற்றில் கருவியை வைத்து என்னையே துடிப்பைக் கேட்கச் சொன்னாள். "தூங்கிட்டிருந்திருக்கு, உங்க சத்தத்துல முழிச்சிடுச்சு" என்றாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

ஏன் வீட்டில் என்று கேட்பீர்கள். எல்லாம் அம்மா சொன்ன கதைதான். ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் சொல்வாளே. ஜன்னலோரக் கட்டில், மழை விட்ட காலை, ரேடியோவில் வந்த பாட்டைக் கூடவே பாடிக்கொண்டு படுத்திருந்தது, பாட்டு முடிவதற்குள் நான் வந்துவிட்டது. நீங்கள் வெந்நீர் அண்டாவோடு வாசலில் நின்று என்னைப் பார்த்து மாடிப்படி வரை கேட்கிற மாதிரி சிரித்தீர்களாம். அம்மா போய் நான்கு வருஷம் ஆகிறது. அதைச் சொல்லும்போது அவள் குரல் இறங்கி இறங்கி வருமே, அது இன்னும் என் காதில் இருக்கிறது. அந்த மாதிரி ஒரு காலை எனக்கும் வேண்டும் அப்பா. நீங்கள் வந்து கூட இருக்கவேண்டும். அண்டா இல்லாவிட்டால் பரவாயில்லை, சிரிக்க ஆள் வேண்டும்.

உங்கள்
வாலு


மார்ச் 9

செல்ல மகளுக்கு அப்பா எழுதுவது.

கடிதம் கிடைத்தது. முழங்கால் அதுபாட்டுக்கு இருக்கிறது. டைப்பிஸ்ட் அம்மா ரிட்டயர் ஆனதிலிருந்து என்னை வேவு பார்ப்பதைத்தான் வேலையாக வைத்துக்கொண்டிருக்கிறாள்.

தொட்டி எத்தனை லிட்டர்? உங்கள் வீட்டு ஹீட்டரை மாட்டியது நான்தானே, இரண்டு பேர் குளிப்பதற்கே அதற்கு மூச்சு வாங்கும். தொட்டி நிரம்புவதற்குள் முதலில் விட்ட தண்ணீர் ஆறிவிடும். அடுப்பிலும் இரண்டு பெரிய பாத்திரம் வைக்கச் சொல். கூடத்து நடுவில் போடாதே, பழைய தளம், சுவரோரமாகப் போடு. ரப்பர் குழாயைச் செருகிவிட்டுக் கையால் பிடித்துக்கொண்டு நிற்கக்கூடாது, கிளிப் போட்டு இறுக்கவேண்டும். மாப்பிள்ளை கையில் மட்டும் ஸ்பானரைக் கொடுத்துவிடாதே. போன தடவை அவர் இறுக்கியதைக் கழற்ற எனக்கு அரை நாள் ஆயிற்று.

நான் வருவது கஷ்டம். புதுக் கட்டடத்தில் ஆறு மாடிக்கும் பைப் வேலை நடக்கிறது. நான் கண்ணை எடுத்தால் ஆட்கள் தப்பான சுவரை உடைத்து வைப்பார்கள்.

ஆஸ்பத்திரியிலும் இப்போதெல்லாம் நன்றாக வெந்நீர் வருகிறது. சும்மா சொல்லிவைத்தேன். வேளைக்குச் சாப்பிடு.

அப்பா


மார்ச் 14

அப்பா,

ஹீட்டரைப் பற்றி ஒரு பக்கம், வருவதைப் பற்றி மூன்று வரி. ஆறு மாடி பைப் என்னைவிட உசத்தியா? கோபத்தில் கேட்கவில்லை என்று எழுத நினைத்தேன். கோபத்தில்தான் கேட்கிறேன்.

இங்கே அத்தைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. "நாங்களே அந்தக் காலத்துல ஆஸ்பத்திரிக்கு ஓடினோம், நீ படிச்சவ, இப்படிப் பண்றியே" என்று தட்டை நகர்த்தி வைத்துவிடுகிறார். மருத்துவச்சி நேற்று வந்து குடும்ப விவரமெல்லாம் கேட்டாள். "உங்க அம்மாவுக்குப் பிரசவம் எப்படி ஆச்சு?" என்றாள். "பாட்டுப் பாடிக்கிட்டே பெத்தாங்க" என்றேன். சிரித்துவிட்டு, சிக்கல் எதுவும் இல்லை என்று குறித்துக்கொண்டாள். நடுவில் ஏதாவது சரியில்லை என்று அவள் சொன்னால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பவேண்டுமாம், பிடிவாதம் பிடிக்கக்கூடாதாம். அதற்கு நான் சரி என்று சொல்லவில்லை. அம்மாவால் முடிந்தது என்னால் முடியாதா?

உங்களுக்கு என்னதான் தயக்கம்? அம்மா அந்தக் கதையை ஆரம்பித்தாலே எழுந்து அடுக்களைக்குப் போய்விடுவீர்கள். அப்பாவுக்கு வெட்கம் என்று நானும் அவளும் சிரிப்போம். இன்னுமா வெட்கம்?

வாலு


மார்ச் 18

வாலு,

மருத்துவச்சியிடம் நீ சொன்னது தப்பு. முதலில் அவளைக் கூப்பிட்டு மாற்றச் சொல், மீதியை அப்புறம் படி.

உன் அம்மா சொன்னதில் பொய் இல்லை. மழை விட்டது நிஜம், ரேடியோ நிஜம், அவள் பாடியது நிஜம். நான் சிரித்ததும் நிஜம்தான். அவள் பாட்டு முடிவதோடு கதையை நிறுத்திவிடுவாள், அவ்வளவுதான்.

நீ வந்த கொஞ்ச நேரத்தில் அவளுக்கு ரத்தம் போக ஆரம்பித்தது. நிற்கவே இல்லை. பிரசவம் பார்த்த நர்ஸம்மா அடிவயிற்றை அழுத்திப் பிடித்துக்கொண்டு "வண்டி, வண்டி" என்று கத்தினாள். உன்னை டைப்பிஸ்ட் அம்மா கையில் திணித்துவிட்டு, உன் அம்மாவைப் போர்வையோடு தூக்கிக்கொண்டு படி இறங்கினேன். தெருவில் ரொட்டி வண்டிக்காரர் தட்டுகளையெல்லாம் நடைபாதையில் இறக்கிப் போட்டு எங்களை ஏற்றிக்கொண்டார். "தூங்காதே, தூங்காதே" என்று வழியெல்லாம் கன்னத்தைத் தட்டிக்கொண்டே போனேன். பிழைத்தாள். கர்ப்பப்பையை எடுக்கவேண்டியதாகிவிட்டது. உனக்குத் தம்பி தங்கை இல்லாதது அதனால்தான்.

வீட்டுக்கு வந்ததும், "பிள்ளைக்கு இது தெரியவே வேண்டாங்க. தன்னாலதான் அம்மாவுக்கு இப்படி ஆச்சுன்னு நெனச்சுக்கும்" என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். நான் அடுக்களைக்குப் போனது வெட்கத்தால் இல்லை. பாட்டு முடிந்தால் என்ன வரும் என்று எனக்குத் தெரியும், அதைக் கேட்டுக்கொண்டு உட்கார முடியவில்லை. அவள் போன பிறகும் சத்தியத்தைக் காப்பாற்றினேன். இப்போது மீறிவிட்டேன். நீ இந்த நிலைமையில் இருப்பதைப் பார்த்திருந்தால் அவளே மீறியிருப்பாள்.

வீட்டில் பெறாதே என்று நான் சொல்லவில்லை. அது நீயும் மருத்துவச்சியும் பேசி முடிவு செய்யவேண்டியது. ஆனால் அடுத்த அறையில் வெந்நீர் வைத்துக்கொண்டு நிற்க என்னால் ஆகாது. கால் நடுங்கும். கோழை என்று வேண்டுமானால் வைத்துக்கொள்.

அப்பா


மார்ச் 24

அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைக் கிழித்துப் போடலாமா என்றிருந்தது. ஆனால் நீங்கள் சொன்னபடி முதலில் மருத்துவச்சியைக் கூப்பிட்டேன். இந்தத் தடவை அவள் சிரிக்கவில்லை. மறுநாளே வந்தாள். அம்மாவுக்கு ஆனது மகளுக்கும் ஆகியே தீரும் என்றில்லை, ஆனால் எனக்கு ரத்தமும் குறைவாக இருக்கிறது, இரண்டும் சேர்ந்தால் வீடு சரிப்படாது என்று நேராகவே சொன்னாள். ஆஸ்பத்திரியில் அவளும் கூட இருப்பதற்கு ஏற்பாடு செய்தாயிற்று. தொட்டி திரும்பிப் போய்விட்டது. அன்றைக்கு அத்தை இரண்டு வேளைச் சாப்பாட்டையும் சேர்த்துச் சாப்பிட்டார்.

வீட்டில் பெறமுடியவில்லை என்பதுகூட எனக்குப் பெரிசில்லை. கதை போய்விட்டதே அப்பா. பரீட்சையில் கோட்டை விட்டபோதும், முதல் வேலை போனபோதும் அந்தக் காலைக்குள் போய்த்தான் உட்கார்ந்துகொள்வேன். நான் வந்ததற்கு ஒரு வீடே சிரித்தது என்று நினைத்தால் தெம்பு வந்துவிடும். இப்போது அங்கே போனால் போர்வையோடு படி இறங்குகிற உங்களைத்தான் பார்க்கிறேன். அம்மா மேல் கோபமாக வருகிறது. இத்தனை பிறந்தநாளும் அவள் அதைச் சிரித்த முகத்தோடு சொன்னாளே என்று நினைத்தால் அழுகை வருகிறது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் வெந்நீர் வைக்கவேண்டியதில்லை. பெஞ்சு இருக்கிறது, கால் நடுங்கினால் உட்கார்ந்துகொள்ளலாம். வாருங்கள்.

வாலு


ஏப்ரல் 16

செல்ல மகளுக்கு அப்பா எழுதுவது.

நல்லபடியாக ஊர் வந்து சேர்ந்தேன். மூன்றாம் மாடியில் தப்பான சுவரைத்தான் உடைத்து வைத்திருக்கிறார்கள். பேத்திக்கு உன் அம்மாவின் மூக்கு. உன் அத்தை ஒத்துக்கொள்ளமாட்டார், வாதாடாதே.

உன்னிடம் ஒன்று சொல்லவேண்டும். நேரில் சொல்ல வாய் வரவில்லை, உன் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு ஆஸ்பத்திரிக் குழாய் ஒழுகுவதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன்.

குழந்தை அழுத சத்தம் கேட்டதும் நானும் மாப்பிள்ளையும் வராந்தாவில் கட்டிக்கொண்டோம். விடுவதற்குள் இரண்டு நர்ஸுகள் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினார்கள். எனக்குத் தெரிந்துவிட்டது. "கொஞ்சம் ரத்தம் போச்சு, எல்லாருக்கும் போறதுதான்" என்று மாப்பிள்ளை உன்னிடம் சொன்னார். கொஞ்சம் இல்லைம்மா. உன் அம்மாவுக்கு ஆனதேதான் உனக்கும் ஆயிற்று. ஊசி மேல் ஊசி போட்டார்கள், ரத்தம் ஏற்றினார்கள். நீ முன்னாடியே சொல்லியிருந்ததால் எல்லாவற்றையும் கையருகே தயாராக வைத்திருந்தார்கள். சீக்கிரமே நின்றுவிட்டது, கர்ப்பப்பையும் பத்திரம். மருத்துவச்சி வெளியே வந்து என்னைப் பார்த்து, "நீங்க எழுதாம இருந்திருந்தா..." என்று ஆரம்பித்து அப்படியே நிறுத்திக்கொண்டாள். நான் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

நீ தூங்கும்போது மாப்பிள்ளை என் கையைப் பிடித்துக்கொண்டார். "மாமா, அவளுக்கு இதெல்லாம் தெரியவேண்டாம். பாப்பாவைப் பாக்கும்போதெல்லாம் இதுதான் ஞாபகம் வரும்" என்றார். அழுது முகமெல்லாம் வீங்கியிருந்தது. உன் அம்மாவே வந்து பேசுகிற மாதிரி இருந்தது எனக்கு. "ஒருத்திக்கு ஏற்கெனவே சத்தியம் பண்ணிட்டேன் மாப்பிள்ளை, இன்னொண்ணு என்னால ஆகாது" என்றேன். அவரைத் திட்டாதே. பயந்துபோய்க் கேட்டார், அன்பு இருப்பதால் பயந்தார்.

உன் மகள் ஒரு நாள் வயிற்றில் பிள்ளையோடு நிற்பாள். அன்றைக்கு நான் இருக்கமாட்டேன். நீ சொல்லவேண்டும், முழுசாகச் சொல்லவேண்டும்.

கதை போய்விட்டது என்று எழுதியிருந்தாய். அன்றைக்கு ராத்திரி முழுக்க அதைத்தான் யோசித்தேன். இத்தனை வருஷமும் எனக்கு அது படி இறங்குவதோடு நின்றுபோயிருந்தது. அதற்கப்புறம் ஒரு நாள் சாயங்காலம் உன் அம்மா அதே படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு தானே ஏறி வந்தாள். "என்னங்க இது, வீட்டை இப்படியா போட்டு வெச்சிருப்பீங்க?" என்று வாசலிலேயே என்னைத் திட்டினாள். நீ டைப்பிஸ்ட் அம்மா கையில் இருந்தாய், உன் அம்மா குரலைக் கேட்டுத் திரும்பிப் பார்த்தாய். பயத்தில் அதை நான் மறந்தேபோயிருந்தேன், வாலு. இனி நீ வைத்துக்கொள்.

அப்பா